அலிபிரிக்கு முன்பே பார்க்க வேண்டிய ஃபேன்

பெங்களூரிலிருந்து வரும் கார், பலமனேரைத் தாண்டி மொகிலி மலைப்பாதையில் இறங்கிச் சித்தூரைத் தொடுகிறது. வேலூரிலிருந்து திருப்பதி போகிறவர்களுக்கும் சித்தூர்தான் வழி. இந்த நெடுஞ்சாலையில் எண்பதில் ஓடும்வரை ரேடியேட்டர் ஃபேன் பழுதாகியிருந்தாலும் தெரியாது. எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். அலிபிரி சோதனைச்சாவடி வரிசையில் ஊர்ந்து, திருமலைக்கு ஏறத் தொடங்கிய பிறகுதான் குட்டு வெளிப்படும்.

அலிபிரியிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வண்டி சுமார் 700 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை, ஏசி வேறு. இரண்டாவது கியரில் என்ஜின் முழு மூச்சாக உழைக்கிறது. வேகமோ முப்பதைத் தாண்டுவதில்லை. வெப்பம் அதிகம், எதிர்க்காற்று குறைவு. திருப்பதியில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த நேரத்தில் என்ஜினைக் காப்பாற்றுவது ரேடியேட்டருக்குப் பின்னால் சுழலும் ஃபேன் ஒன்றுதான்.

1944இல் முதல் மலைப்பாதை திறக்கப்பட்ட காலத்துக் கார்களில் ஃபேனை பெல்ட் இழுத்தது. என்ஜின் ஓடினால் ஃபேனும் ஓடும். 1970களில் இரண்டாவது பாதை வந்த பிறகும் அம்பாசடர்கள் அப்படித்தான் ஏறின. இன்றைய கார்களில் பெரும்பாலும் மின்மோட்டார் ஃபேன். கூலண்ட் ஏறத்தாழ 95 முதல் 100 டிகிரியை எட்டும்போது சென்சார் தகவல் சொல்லும், ரிலே மின்சாரத்தைத் திறந்துவிடும், மோட்டார் சுழலும். சென்சார், ரிலே, ஃபியூஸ், வயர், மோட்டார் என்ற இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஃபேன் நின்றுவிடும்.

எது போனது?

என்ஜின் ஆறியிருக்கும்போது முதலில் கூலண்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஃபேன் எவ்வளவு சுற்றியும் பயனில்லை.

அடுத்து, என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். ஏசிக்குச் சுற்றுகிறது, என்ஜின் சூடேறினால் மட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. சென்சாரையும் அதன் வயரையும் சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்குமே சுற்றவில்லை என்றால் பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஃபேன் ஃபியூஸைப் பாருங்கள். அது எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் புதியது போடலாம். மறுபடி எரிந்தால் மோட்டார் இறுகியிருக்கலாம், வயர் எங்கேயாவது உரசியிருக்கலாம். பெரிய ஃபியூஸாகப் போட்டுச் சமாளிப்பது தீயை வரவேற்பதற்குச் சமம்.

ஃபியூஸ் சரியென்றால் ரிலே. அதே பெட்டியில் அதே எண்ணுள்ள வேறொரு ரிலே இருந்தால் இடம் மாற்றிப் பார்ப்பதே எளிய சோதனை. அதற்கும் அசையவில்லையா? ஆட்டோ எலக்ட்ரீஷியன் மோட்டார் கனெக்டரைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த வயரால் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பார். சுற்றினால் குறை வயரிங்கிலோ எர்த்திலோ இருக்கிறது. சுற்றாவிட்டால் மோட்டார்தான், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது பேரிங் இறுகியிருக்கும்.

மோட்டாரை மாற்றிய பிறகு ஒரு சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். ஃபேன் ஓடும்போது முன்பக்கக் கிரில் மீது ஒரு தாளைப் பிடித்தால், காற்று அதை உள்ளே இழுத்து ஒட்ட வைக்க வேண்டும். தாள் வெளியே தள்ளப்பட்டால் வயர்கள் தலைகீழாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஃபேன் சுற்றுகிறதே என்று நம்பி மலை ஏறினால், உள்ளே வர வேண்டிய காற்றை அதுவே எதிர்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: பல கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றாமல் இறக்கையில் கை வைக்காதீர்கள்.

இரண்டு குறுக்குவழிகள்

"ஃபேனை டைரக்ட் பண்ணிட்டேன் சார், இனிமே பிரச்சினை இல்லை" என்று சில ஒர்க்‌ஷாப்புகளில் சொல்வார்கள். ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் ஒரு சுவிட்சோடு மோட்டாரை இணைத்துவிடுவதே இந்த வைத்தியம். ஃபேன் மோட்டார் இழுக்கும் மின்சாரம் 15, 20 ஆம்பியரையும் தாண்டக்கூடியது. மெல்லிய வயர் சூடேறி உருகும். சூடான என்ஜினுக்குப் பக்கத்தில் அது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. என்ஜின் தனக்குரிய வெப்பநிலைக்கு வரவே தாமதமாகும்; பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்; உண்மையான குறை அப்படியே ஒளிந்திருக்கும். ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீரை ஊற்றும் பழக்கமும் வேண்டாம். அதிலுள்ள உப்பு படிந்து, குழாய்களை உள்ளிருந்தே அடைத்துவிடும்.

பாதி மலையில் சூடேறினால்

சின்ன கார்கள் பலவற்றில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தால் "கோயில் வந்துடும், இன்னும் கொஞ்ச தூரம்" என்று மிதிக்காதீர்கள். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். என்ஜினின் சூட்டில் ஒரு பங்கை அது இழுத்துக்கொள்ளும். பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி என்ஜினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் 100 டிகிரிக்கு மேலேயும் கொதிக்காமல் நிற்கும்; மூடி திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். கொதிக்கும் என்ஜின் மீது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம். மீறி ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும். ஒரு ரிலேயின் விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை என்ஜினைப் பிரிக்கும் செலவில் போய் நிற்கும்.

மலைப்பாதையில் நிற்கும் ஒரு வண்டி, பின்னால் வரும் பேருந்துகளையும் குழந்தைகளோடு வரும் குடும்பங்களையும் சேர்த்தே நிறுத்துகிறது. ஆகவே இது உங்கள் ஒருவர் கார் விஷயம் மட்டுமல்ல. புறப்படுவதற்கு முந்தின நாளே வீட்டு வாசலில் என்ஜினை ஓடவிட்டு, ஏசிக்கு ஒரு முறை, ஏசி இல்லாமல் சூடேறும்வரை காத்திருந்து ஒரு முறை என்று ஃபேன் சுற்றுவதைப் பார்த்துவிடுங்கள். சுற்றவில்லை என்றால் உங்கள் ஊர் மெக்கானிக்கிடமே காட்டிச் சரிசெய்த பிறகு கிளம்புங்கள். தரிசனத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை.