வடக்கு ஜன்னலில் வெயில்

வானமும் வாசலும் – 14

மார்ச் 21, ஜூன் 21, செப்டம்பர் 23, டிசம்பர் 21. பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்ட தேதிகள். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என நான்கு பருவங்களும் இந்த நாட்களில்தான் வரிசையாகத் தொடங்கும் என்று படித்தோம். சென்னையில் யாரிடமாவது போய், ஜூன் 21-ல் கோடை தொடங்குகிறது என்று சொல்லிப் பாருங்கள். கத்திரியே முடிந்து மூன்று வாரம் ஆச்சு, எந்த ஊர்க்காரர் நீங்கள் என்று கேட்பார்கள்.

தேதிகள் மீது தப்பில்லை. பூமி 23.4 டிகிரி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறது. அதனால் உச்சி வெயில் நட்டக்குத்தலாக விழும் இடம், கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவே போய்ப் போய் வருகிறது. ஜூனில் வடக்கு எல்லையைத் தொட்டுத் திரும்பும். டிசம்பரில் தெற்கு எல்லையை. போகும்போதும் வரும்போதும் பூமத்திய ரேகையைக் கடக்கிற இரண்டு நாட்கள்தான் சம பகல் இரவு நாட்கள். சூரியன் பக்கத்தில் இருந்தால் கோடை, தூரத்தில் இருந்தால் குளிர் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லண்டன் வெடவெடத்துக்கொண்டிருக்கும் ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது.

அந்த லண்டனில் ஜூன் 21-ன் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. அங்கே சூரியன் திரும்பும் நாளைக் கொண்டாடாமல் என்ன செய்வார்கள்? சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான்.

மொட்டை மாடியில் ஒரு மீட்டர் உயரக் குச்சியைச் செங்குத்தாக நட்டு, உச்சிப்பொழுதில் நிழலை அளந்தால் நம் ஊர்க் கணக்கு புரியும். டிசம்பர் 21 அன்று நிழல் வடக்கே 74 சென்டிமீட்டர் நீளும். மார்ச் 21-ல் அது 23 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். ஏப்ரல் 24 வாக்கில் நிழலே இருக்காது. அதோடு நிற்காமல் சூரியன் இன்னும் வடக்கே போவதால், ஜூன் 21-ல் 18 சென்டிமீட்டர் நிழல் தெற்கே விழும். வடக்குப் பார்த்த ஜன்னலில் வெயில் எட்டிப் பார்க்கிற மாதம் அது. திரும்பி வரும் சூரியன் ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி நம் உச்சியைக் கடக்கும். கன்னியாகுமரியில் இதே இரண்டு நாட்கள் ஏப்ரல் 10-ஐயும் செப்டம்பர் 1-ஐயும் ஒட்டி வரும்.

ஆக, ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையின் உச்சிச் சூரியன் தலைக்கு நேர்மேலிருந்து பத்து டிகிரி சொச்சத்துக்கு மேல் விலகுவதே இல்லை. ஜூன் 21-க்குத் தனிப் பெருமை ஏதும் கிடையாது. அப்புறம் மே ஏன் அப்படிக் கொளுத்துகிறது, ஆகஸ்ட் ஏன் அவ்வளவு இல்லை? வெயில் ஏறக்குறைய ஒன்றுதான்; மேகமும் காற்றும்தான் வேறு. மே மாத வானத்தில் மேகம் குறைவு. மேற்கிலிருந்து காய்ந்த தரைக்காற்று அழுத்தும் நாட்களில் கடல்காற்று மதியம் தாண்டியும் உள்ளே வர முடியாமல் நிற்கும். ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம் மூடிக்கொள்கிறது, சாயங்காலம் இடியோடு மழையும் பெய்கிறது.

நமக்கு உண்மையிலேயே வேலை செய்கிற தேதி செப்டம்பர் 23 என்பேன். அதன் பிறகு சூரியன் தெற்கே நகர, வட இந்திய நிலப்பரப்பு குளிர ஆரம்பிக்கிறது. அங்கே இருந்த காற்றழுத்தத் தாழ்வு தெற்கே இறங்கி வங்கக் கடலுக்கு வருகிறது, காற்றின் திசை புரள்கிறது. ஆனால் இது ஒரே நாளில் நடப்பதில்லை. தரையும் கடலும் சூட்டை விட நேரம் எடுப்பதால், வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான் வந்து சேரும். சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதங்களில் கொட்டுவதுதான். இந்திய வானிலை ஆய்வுத் துறை பருவங்களைப் பிரிக்கும்போது அந்த நான்கு தேதிகளையும் கண்டுகொள்வதே இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு பருவம், அவ்வளவுதான்.

இதே தாமதம்தான் பொங்கலையும் காப்பாற்றுகிறது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21-ல். நாம் உத்தராயணம் என்று கும்பிடுவது ஜனவரி நடுவில். பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துக் கணக்குப் போடுகிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் அந்தக் கணக்கு ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் பின்தங்கும். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. இப்போது மூன்று வாரத்துக்கும் மேல் இடைவெளி. ஆனாலும் யாருக்கும் உறுத்துவதில்லை. சென்னையின் குளிர்ந்த மாதம் டிசம்பர் அல்ல, ஜனவரி. பொங்கலன்று சூரியன் உதிப்பதும் டிசம்பர் 21-ஐவிட எட்டு ஒன்பது நிமிடம் தாமதமாகத்தான். கோலம் போட எழுந்தவர்களுக்குப் பகல் அப்போதுதான் வளரத் தொடங்குவதாகத் தோன்றினால் அதில் ஆச்சரியமில்லை.

பஞ்சாங்கத்தை வானத்தோடு சேர்த்துக் கட்டும் முயற்சியும் நடந்தது. 1952-ல் மேகநாத சாஹா தலைமையில் குழு அமைத்தார்கள். 1957-ல் வந்த தேசிய நாள்காட்டியில் சைத்திரம் முதல் தேதி மார்ச் 22, சம பகல் இரவு நாளுக்கு மறுநாள். லீப் ஆண்டில் மட்டும் மார்ச் 21. அரசிதழில் அந்தத் தேதி இன்றும் அச்சாகிறது. கல்யாணப் பத்திரிகையில் மட்டும் ஏறவே இல்லை. சாஹா குழுவின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)