அரிதாரமும் அரிச்சுவடியும்

பங்குனித் திருவிழா. ஊர் நடுவே மேடை. இரவு பத்து மணிக்குத் தொடங்கிய 'வள்ளி திருமணம்' விடியும் வரை நடக்கிறது. நாரதரோடு தர்க்கம் புரிகிறாள் வள்ளி. சபையிலே கைதட்டல்! நாமும் தட்டுகிறோம்.

திரைக்குப் பின்னே அந்த வள்ளியை எட்டிப் பார்த்ததுண்டா, தோழர்களே? தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைக்கிறாள். முதல் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். வீட்டிலே தங்கைக்கு அன்று பிளஸ் டூ தேர்வு. அவளை எழுப்பி, ஒரு வாய் சோறு கொடுத்து அனுப்ப வேண்டும். இவளோ எட்டாம் வகுப்போடு நின்றவள். 'தங்கையாவது நிற்காமல் படிக்கட்டும்' என்பதுதான் இவள் இரவெல்லாம் கண்விழிப்பதன் பொருள்.

நாம் தீட்டிய சித்திரம்தான் இது. ஆனால், மதுரையிலும் புதுக்கோட்டையிலும் நாடகக்காரர் வாழும் தெருக்களை அறிந்தவர் எவரும் இதைப் பொய்யென்று சொல்லமாட்டார்.

ஸ்பெஷல் நாடகத்திலே மாதச் சம்பளம் கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒப்பந்தம். ஓர் இரவுக்கு ஒரு கூலி. பங்குனி முதல் ஆடி வரை வேலை மிகுதி. ஐப்பசி, கார்த்திகை வந்தால் அடுப்பு அணைந்து அணைந்து எரியும். திருவிழாவுக்குப் பருவம் உண்டு. பள்ளிச் செலவுக்குப் பருவம் உண்டா? இடையிலே உள்ள பள்ளத்தை நிரப்புவது எது? வட்டிக் கடன்!

இந்த மேடையின் பழங்கதையும் இதுதான். 1918-இல் டி. கே. எஸ். சகோதரர்கள் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலசபாவிலே சேர்ந்தபோது, சண்முகத்துக்குப் பள்ளியிலே இருக்க வேண்டிய வயது. கணவரை இழந்த சத்யபாமா அம்மையார், வறுமையின் கொடுமையால் சக்கரபாணியையும் எம்.ஜி.ஆரையும் நாடகக் கம்பெனிக்கு அனுப்பினார். எம்.ஜி.ஆரின் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. மேடை சோறு போட்டது, பள்ளியைப் பறித்தது.

பசி பறித்ததை மீட்க, நாடு மெல்ல மெல்ல வழி கண்டது. 1956-இல் காமராசர் ஆட்சியிலே மதிய உணவு. 1982-இல், பசியைத் தானே அறிந்த எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்து தொடங்கிய சத்துணவு. 2022-இல் ஸ்டாலின் ஆட்சியிலே காலை உணவும், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயும். தம்பியைக் கம்பெனிக்கு அனுப்பிய வீடு, தங்கையைக் கல்லூரிக்கு அனுப்பக் கனவு காண்கிறது என்றால், அது சும்மா வந்ததல்ல.

ஆனால் குறை தீர்ந்துவிட்டதா? 2007-இல் நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியம் அமைந்தது. உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி என்றார்கள். நன்று! ஆனால், பெற்ற பிள்ளையைப் படிக்க வைப்பவர் மட்டும்தானா கலைஞர்? தந்தையில்லாத வீட்டிலே தங்கைக்குத் தாயும் தந்தையுமாக நிற்கிறாளே அக்காள், அவள் சுமப்பது சுமையில்லையா? அந்த உதவி தம்பி தங்கைக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது பிச்சையல்ல, உரிமை.

2020 மார்ச்சிலே ஊரடங்கு வந்தது. பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, ஆண்டு முழுவதற்கும் சோறு போடும் மாதங்கள் அத்தனையும் போயின. பாடம் கைப்பேசிக்குள் போயிற்று. கைப்பேசியோ கடைக்குள் இருந்தது! அன்றாடக் கூலியை நம்பிய எந்தத் தொழிலாளிக்கும் இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. ஊர்த் திருவிழாக் குழுவிலே நம் தோழர்கள் இருக்கிறார்கள். நாடகம் முடிந்ததும், 'மீதியை அடுத்த வாரம் வாங்கிக்கொள்' என்று சொல்பவரைத் தடுப்பது நம் கடமை. கூலியை எண்ணிக் கொடுத்த பிறகுதான் பந்தலைப் பிரிக்க வேண்டும். வாரியத்திலே பதியாத கலைஞர் இருந்தால், உடன் சென்று விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். இரவெல்லாம் ரசித்துவிட்டு, காலையிலே 'கூத்தாடி' என்று ஏசும் நாக்கை அடக்க வேண்டும். அந்தச் சொல் அக்காளைச் சுடுவதோடு நிற்பதில்லை. வகுப்பறையிலே அமர்ந்திருக்கும் தங்கையின் தலையையும் குனிய வைக்கிறது.

மேடையிலே தினைப்புனம் காப்பவள் வள்ளி. வீட்டிலே அவள் காப்பது தங்கையின் படிப்பு. அந்தப் புனத்துக்கு வேலி நாமாக இருப்போம். கைதட்டியது போதும், தோழர்களே, கை கொடுப்போம்!