அச்சைப் பெரிதாக்கினால் போதுமா?

"நானா, லேண்ட்மாஸ்டர் பெட்டிக்குத் தடித்த அச்சு இருக்கா?" என்று கேட்டு என் கடைக்கு வருவோர் பலர். மன்னார்த் தீவின் மணலிலும் முசலியின் வயற்பாதைகளிலும் மீன், உப்பு, நெல் எல்லாவற்றையும் இழுப்பது இந்தப் பெட்டிதான். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பின்னர் ஊர் திரும்பியோரில் சிலருக்கு இதுவே முழு முதல். பெட்டி நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும். ஆகவே உதிரிப்பாகம் விற்பவனாகிய நானே சில விடயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, பருமன். இரும்பு ஒரே தரமாயின், 40 மில்லிமீற்றர் அச்சை விட 50 மில்லிமீற்றர் அச்சு ஏறக்குறைய இரு மடங்கு பாரத்தைத் தாங்கும். ஆனால் பெட்டியின் சட்டமும் கொளுக்கியும் ரயரும் பிறேக்கும் பழையவையே. மெல்லிய அச்சு வளைந்து எச்சரிக்கும். தடித்த அச்சு வளையாது. பாரம் கூடினால் கொளுக்கிதான் உடையும். எனவே அச்சை மாற்றுங்கள், ஏற்றும் பாரத்தைக் கூட்டாதீர்கள்.

இரண்டாவது, பழைய லொறி அச்சை வெட்டிக் குறுக்கியது மலிவாகக் கிடைக்கும். சட்டம் அமரும் இரு இடங்களுக்கும் நடுவே வெல்டிங் இருந்தால் வாங்க வேண்டாம். பாரம் முழுவதும் வளைக்கப் பார்ப்பது அந்தப் பகுதியைத்தான். பெயாரிங்கில் பொறித்த இலக்கத்தையும் குறித்துக்கொண்டு, அது மன்னாரிலோ வவுனியாவிலோ கிடைக்குமா என விசாரித்த பின்னரே காசைக் கொடுங்கள்.

மூன்றாவது, பொருத்துதல். கொளுக்கித் துளையிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் நூல் பிடித்து அளவுங்கள். இரண்டும் சமமில்லையெனில் பெட்டி சரிந்தே ஓடும், ரயர் ஒரு பக்கம் தேயும். கூம்புப் பெயாரிங்காயின் சில்லைச் சுற்றியபடி நட்டை இறுக்கி, பின்னர் சற்றுத் தளர்த்திப் புதிய பின் போடுங்கள். இறுக்கமாக விட்டால் சூடேறிப் பிடித்துவிடும்.

நான்காவது, கடல். ஓடிச் சூடான சில்லை உடனே தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஒயில் சீல் வழியே உப்புநீரை உறிஞ்சும். கரையில் சற்று ஆறவிடுங்கள். நீரில் கழுவுப்படாத கிறீஸையே பாவியுங்கள். இரு வகைக் கிறீஸைக் கலக்காதீர்கள்.

பல வேளைகளில் அச்சு கேட்டு வருபவருக்குத் தேவைப்படுவது ஒரு சோடி ஒயில் சீல் மட்டுமே. எனக்கு இலாபம் குறைவுதான். ஆனால் அவருடைய பெட்டி மறுநாளும் ஓடும்.