எட்டு சீட்டும் 59 உயிர்களும்

டெல்லி கிரீன் பார்க்கில் இருந்த உப்ஹார் தியேட்டரின் பால்கனியில், வலதுபக்க வாசலை அடைத்து எட்டு சீட்டுகளோடு ஒரு தனி பாக்ஸ் போட்டிருந்தார்கள். நடைவழி இருந்த இடத்தையும் கூடுதல் சீட்டுகள் பிடித்துக்கொண்டன. 1997 ஜூன் 13 மதியம், 'பார்டர்' படம் ஓடிக்கொண்டிருந்தபோது, தரைத்தளத்தில் மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கசிந்த எண்ணெய் தீப்பிடித்து, அங்கே நிறுத்தியிருந்த கார்களுக்குப் பரவியது. பால்கனிக்கு ஏறி வந்தது தீ அல்ல, புகை. வெளியேறும்படி யாரும் அறிவிக்கவில்லை. 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

யார் பொறுப்பு? குடும்பங்கள் கேட்டது இந்த ஒரே கேள்வியைத்தான். சட்டமோ அதைப் பல கேள்விகளாகப் பிரித்துக்கொள்கிறது. யார் பணம் கொடுக்க வேண்டும், யார் சிறைக்குப் போக வேண்டும், கண்காணிக்க வேண்டியவர் தவறினாரா? ஒவ்வொன்றுக்கும் தனி வழக்கு, தனி ஆதாரம், தனித் தீர்ப்பு. ஒன்றில் மாட்டியவர் இன்னொன்றில் தப்பலாம்.

பணத்தை முதலில் பார்ப்போம். இழப்பீட்டு வழக்கில், யார் பக்கம் நியாயம் கூடுதல் என்று தெரிந்தாலே நீதிமன்றத்துக்குப் போதும். 2003-ல் டெல்லி உயர் நீதிமன்றம் பொறுப்பைப் பங்கு பிரித்தது. தியேட்டருக்கு 55 சதவீதம். மின்வாரியம், மாநகராட்சி, உரிமம் வழங்கிய போலீஸ் ஆகிய மூன்றுக்கும் தலா 15. கூடுதல் சீட்டுகளில் சம்பாதித்ததைக் கணக்குப் பார்த்து, பாடம் புகட்டும் இழப்பீடாக இரண்டரைக் கோடி ரூபாயும் விதித்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை மாற்றி எழுதியது. மாநகராட்சியும் போலீஸும் விடுபட்டன. தியேட்டர் 85, மின்வாரியம் 15. இரண்டரைக் கோடி 25 லட்சமாகச் சுருங்கியது. இறந்தவர் 20 வயதைத் தாண்டியிருந்தால் 10 லட்சம், இல்லையென்றால் ஏழரை லட்சம். வருமானத்தை வைத்து உயிருக்கு விலை போடும் முறையில் பிள்ளைகளின் உயிர் மலிவாகிவிடுகிறது. இரண்டு பிள்ளைகளையும் அங்கே பறிகொடுத்த நீலம், சேகர் கிருஷ்ணமூர்த்தி தம்பதிதான் பாதிக்கப்பட்டோர் சங்கத்தைத் தொடங்கி இந்த வழக்குகளை நடத்தியவர்கள்.

குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு அன்றைய சட்டத்தில் அதிகபட்சமே இரண்டு வருடம். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் ஐந்து. உரிமையாளர்களான அன்சால் சகோதரர்கள் குற்றவாளிகள் என்பது உறுதியானது. ஆனால், ஏற்கெனவே சிறையில் இருந்த காலத்தோடு ஆளுக்கு 30 கோடி ரூபாய் அபராதம் கட்டினால் போதும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-ல் மறுஆய்வில், சகோதரர்களில் கோபால் அன்சால் மட்டும் ஓராண்டுத் தண்டனையின் மீதியை முடிக்கச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அந்த அபராதம் குடும்பங்களுக்குப் போகவில்லை. விபத்து சிகிச்சை மையம் கட்ட அரசுக்குப் போனது.

படம் காட்டுமிடத்தில் நடந்தது இது. படம் எடுக்குமிடத்தில் என்ன நடக்கும் என்பதை 'ரஸ்ட்' படப்பிடிப்பு காட்டியது. 2021 அக்டோபர் 21, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ. ஒத்திகையில் நடிகர் அலெக் பால்ட்வின் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். நிஜத் தோட்டா உள்ளே இருந்தது. ஆயுதங்களுக்குப் பொறுப்பான ஹானா குட்டியரெஸ் ரீடுக்கு 18 மாதச் சிறை. துப்பாக்கியைச் சோதிக்கத் தவறிய உதவி இயக்குநருக்கு ஆறு மாத நன்னடத்தைக் கண்காணிப்பு. பால்ட்வின் மீதான வழக்கோ, அரசுத் தரப்பு ஆதாரத்தை மறைத்ததால் 2024 ஜூலையில் பாதியிலேயே தள்ளுபடியானது. தொழிலாளர் பாதுகாப்புத் துறை தயாரிப்பு நிறுவனத்துக்குத் தனியாக அபராதம் விதித்தது. ஹட்சின்ஸின் கணவர் தொடுத்த சிவில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. சிறையில் தண்டனை அனுபவித்தது சம்பவம் நடந்தபோது 24 வயதான ஒரு பெண் மட்டும். படப்பிடிப்பின் வேகத்தையும் செலவையும் தீர்மானிப்பவர் ஒருவராகவும், கடைசியில் சிக்குபவர் வேறொருவராகவும் இருப்பது இந்தத் தொழிலின் பெரிய அநீதி.

உயிர் போகாத பொறுப்புகளும் உண்டு. நடிக்கிறேன் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் பின்வாங்கியதாக, 'பாக்ஸிங் ஹெலினா' படத்துக்காக ஹாலிவுட் நடிகை கிம் பேசிங்கர் மீது வழக்கு வந்தது. 1993-ல் ஜூரி 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொல்ல, அவர் திவால் மனு போட்டார். மேல்முறையீட்டில்தான் அந்தத் தீர்ப்பு ரத்தானது. இந்தியாவில் 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொய் விளம்பரத்தில் தோன்றும் நட்சத்திரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. மீண்டும் செய்தால் 50 லட்சம்.

தமிழ் சினிமாவும் இழவு பார்த்திருக்கிறது. 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். 2025 ஜூலையில், நாகப்பட்டினம் அருகே கார் கவிழும் சண்டைக்காட்சியில் ஸ்டன்ட் கலைஞர் ஒருவர் இறந்தபோது, இயக்குநர் பா. ரஞ்சித் உள்ளிட்டோர் மீது போலீஸ் வழக்குப் பதிந்தது. கிரேன் விபத்துக்குப் பின் நாயகன் கமல்ஹாசன் ஒரு கோடியும் படத்தைத் தயாரித்த லைகா நிறுவனத்தார் இரண்டு கோடியும் அறிவித்தார்கள். மனமுவந்து கொடுத்ததுதான். ஆனால் உதவி வேறு, உரிமை வேறு.

பெரிய நட்சத்திரம் இல்லாத படத்தில் சாரத்திலிருந்து விழுகிற லைட்மேனுக்கு யார் அறிவிப்பார்கள்? அவரைப் போன்றவர்களுக்காக 1923-ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது; 2025 நவம்பரில் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போனது. முதலாளி தவறு செய்தார் என்று அதில் நிரூபிக்கத் தேவையில்லை. வேலையில் இருந்தபோது, வேலையின் காரணமாக அடிபட்டார் என்று காட்டினால் போதும். அவர் அங்கே வேலைக்கு வந்திருந்தார் என்பதைக் காட்டத்தான் குடும்பம் அலைகிறது. அதற்கு அன்றைய பேட்டா (தினப்படி) வவுச்சரில் அவர் பெயர் இருக்க வேண்டும்.