பரணில் உறங்கும் கடல்

விடுமுறை வீடியோவை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு அழகு பார்த்தார்கள் பெங்களூர்க்காரர்கள். தொலைந்தது எது?

கடல் இல்லாத ஊருக்குத்தான் கடல் மோகம் அதிகம். பெங்களூரிலிருந்து அலையில் கால் நனைக்கப் புதுச்சேரிக்கோ மாமல்லபுரத்துக்கோ 300 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். மேற்கே கோகர்ணம் என்றால் ஏறக்குறைய 500. அவ்வளவு தூரம் போய்விட்டு வெறுங்கையோடு திரும்ப மனம் வருமா? தொண்ணூறுகளில் வசதியுள்ள குடும்பங்கள் புளியோதரைப் பொட்டலத்தோடு வீடியோ கேமராவையும் தூக்கிக்கொண்டு கிளம்பின.

தோளில் சுமந்த சாமானை உள்ளங்கைக்குள் அடக்கியது, 1985-ல் சோனி கொண்டுவந்த 8 மில்லிமீட்டர் டேப் கேமரா. சிங்கப்பூர் மாமா, அமெரிக்க அண்ணன், சென்னை பர்மா பஜார் என்று ஏதோ ஒரு வழியில் அது வீடு வந்து சேர்ந்தது. அமெரிக்கச் சரக்கில் மட்டும் ஒரு வில்லங்கம். அது என்டிஎஸ்சி முறையில் பதிவு செய்யும். நம் டிவிக்களோ பால் முறை. போட்டுப் பார்த்தால் பல டிவிக்களில் படம் கறுப்பு வெள்ளையில் உருளும்.

கடற்கரையிலும் சோதனை உண்டு. ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். உள்ளே ஈரம் என்று எச்சரித்துவிட்டு கேமரா ஒரு மணி நேரம் அசையாது. சூரியனுக்கு முன்னால் நிற்க வைத்த முகங்கள் கரியாகும். மைக்கில் காற்று அறையும் சத்தம் வேறு.

ஆனால் உண்மையான சேதம் ஊர் திரும்பிய பிறகுதான். டேப் நேராகக் கல்யாண வீடியோ கடைக்குப் போனது. ஒரு டெக்கில் ஓடவிட்டு இன்னொன்றில் பதிவு செய்வதுதான் அன்றைய எடிட்டிங். ஒவ்வொரு நகலிலும் படம் மங்கும். 90 நிமிடம் 20 ஆகும். முதலில் இதய வடிவத்துக்குள் குடும்பப் படம், பிறகு சினிமாப் பாட்டு. பாட்டு ஏறியதும் அலையோசை போயிற்று. "டேய், உள்ளே போகாதே" என்ற பாட்டியின் குரலும் கூடவே போயிற்று. மூல டேப்? அதன் மேலேயே அடுத்த பிறந்த நாள் விழா பதிவாயிற்று. டேப் விற்ற விலை அப்படி.

வெட்டி எறிந்ததில் பாட்டியின் குரல் மட்டுமா இருந்தது? 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத் தடுப்புச் சுவர் மணல் நகரும் வழியை மறித்தது. நகரக் கரையில் மணல் போய்க் கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி கடலுக்குள் திட்டு அமைத்த பிறகுதான், அண்மை ஆண்டுகளில் ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. முன்பு கரை எவ்வளவு அகலமாக இருந்தது என்பதற்கு, குழந்தைகளுக்குப் பின்னால் தற்செயலாகப் பதிவான கரையும் ஒரு சாட்சி.

மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பாருங்கள். தாய்லாந்தில் விடுமுறைக்குப் போனவர்களின் கேமராக்கள் வழியாகத்தான் உலகம் சுனாமியை நேரில் கண்டது. இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில் உயிர் தப்பியவர்கள் எடுத்த வீடியோக்களை ஹெர்மன் ஃபிரிட்ஸ் தலைமையிலான விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். படம் எடுத்த இடங்களுக்கே போய் அளவெடுத்து, மிதந்து வந்த பொருள்கள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் நகர்ந்தன என்று கணக்கிட்டு, நீரின் வேகம் நொடிக்கு 2 முதல் 5 மீட்டர் என்று 2006-ல் வெளியிட்டார்கள். இடையில் வெட்டிப் பாட்டுக்கு ஏற்ப ஓட்டிய படத்தில் இந்தக் கணக்கு நடக்காது.

தப்பிய மூல டேப்புகளுக்கும் காலம் குறைவு. விஎச்எஸ் டெக் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் கையை விரித்துவிட்டது. டேப் நன்றாக இருந்தாலும் ஓட்ட இயந்திரம் வேண்டுமே! வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் வீட்டில் ஓட்டிப் பார்க்காதீர்கள். டேப்பும் போகும், டெக்கின் ஹெட்டும் போகும். 90 நிமிட டேப்பைக் கணினிக்கு மாற்ற 90 நிமிடம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. கடைக்காரர் "ஓரங்களை நறுக்கி, பாட்டுப் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்பார். முதலில் முழுசாக, கேமராவை அணைக்க மறந்து எடுத்த செருப்புக் காட்சி உட்பட, ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுப் பிரதி பிறகு.