ராட் ஹோல்டர் வாங்கப் போறீங்களா? முதல்ல போல்ட்டைப் பாருங்க

மீன் கடிக்கிற நொடியில் ராட் உங்கள் கையில் இருக்காது. டிரோலிங் என்றாலே அப்படித்தான். படகு நடை வேகத்தில் மெதுவாக ஓடும். பின்னால் 30, 40 மீட்டர் தூரத்தில் லூர் நீந்தி வரும். ராட் படகின் விளிம்பில் ஒரு ஹோல்டரில் நின்றுகொண்டிருக்கும். பெரிய மீன் ஒன்று லூரைக் கவ்வித் திரும்பினால், அந்த முதல் இழுப்பைத் தாங்குவது நீங்கள் அல்ல, அந்த ஹோல்டர்தான். அது உடைந்தால் ராட், ரீல் எல்லாம் சேர்ந்து தண்ணீருக்குள் போய்விடும். பணம் போவதைக்கூட விட்டுவிடலாம். போகிற ராடை எட்டிப் பிடிக்கப் போய் ஆளே தண்ணீரில் விழுவதுதான் பெரிய ஆபத்து.

ஆன்லைனில் தேடினால் 300 ரூபாயில் தொடங்கி பல ஆயிரம் ரூபாய் வரை ஹோல்டர்கள் வரிசையாக வரும். எல்லாவற்றிலும் 'ஹெவி டியூட்டி' என்றுதான் போட்டிருக்கும். எதை நம்பி வாங்குவது?

அதற்கு முன் அனுமதி

ஹோல்டருக்குப் பணம் கட்டும் முன், நீங்கள் போகப்போகும் நீர்ப்பரப்பில் தூண்டில் போட அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர் நீர்த்தேக்கங்களில் மீன்பிடி உரிமை யாரோ ஒருவரிடம் இருக்கும். மேட்டூரில் உரிமம் பெற்ற மீனவர்கள் பிடிக்கிறார்கள். வேறு அணைகளில் தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகத்திடமோ, கூட்டுறவுச் சங்கத்திடமோ, குத்தகைதாரரிடமோ இருக்கலாம். மாவட்டத்தில் உள்ள மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அலுவலகத்தில் கேட்டால் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்வார்கள். சொந்தப் படகை இறக்குவது தனி விஷயம். அதற்கு அணையைப் பராமரிக்கும் நீர்வளத் துறையையும் கேட்க வேண்டியிருக்கும்.

வன எல்லையில் இன்னும் கவனம் தேவை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காவிரியை ஒட்டிய காடுகள் 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பவானிசாகர் நீர்ப்பரப்பை ஒட்டியே சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் "அந்தப் பக்கம் எல்லாரும் போடுறாங்களே" என்பது பதில் ஆகாது. காவிரிப் படுகைக்கே உரிய திமில் மஹ்சீர் 2018-ல் உலக அளவில் மிக அருகிவிட்ட இனமாகப் பட்டியலிடப்பட்ட மீன். அனுமதி உள்ள இடத்திலும் அது மாட்டினால் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல் கொக்கியைக் கழற்றி விட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம். டிரோலிங் எல்லா மீனுக்கும் ஆகாது. மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும் கட்லா, ஓடுகிற லூரைத் துரத்திக்கொண்டு வராது. இரையைத் துரத்திப் பிடிக்கிற வாளை மாதிரி மீன்களுக்குத்தான் இந்த முறை. வாளை ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. நீங்கள் கட்லா பிடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் கரையில் குத்தி வைக்கிற ஸ்டாண்டே போதும், இவ்வளவு செலவு வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு

ராட் 7 அடி என்று வைத்துக்கொள்வோம். ஹோல்டருக்கு வெளியே ஏறக்குறைய 1.8 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். லைன் 30 பவுண்டு, அதாவது சுமார் 13.6 கிலோ தாங்கும். ரீலின் டிராக்கை லைன் வலுவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம். 4 கிலோ என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த 4 கிலோ இழுப்பு ராடின் நுனியில் விழுகிறது. கடப்பாரையின் நுனியைப் பிடித்து நெம்பினால் மறுமுனையில் பாறையே அசையும் அல்லவா, அதே கதைதான் இங்கும். குழாய் வடிவ ஹோல்டரில் ராடைத் தாங்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே 25 செ.மீ. இருந்தால் அங்கே விழும் விசை சுமார் 29 கிலோ. அதுவே 15 செ.மீ. குட்டைக் குழாயாக இருந்தால் 48 கிலோ. அடித்தட்டில் உள்ள போல்ட்டுகளுக்கு நடுவே வெறும் 6 செ.மீ. இடைவெளிதான் என்றால் அங்கே 120 கிலோ!

ராட் வளைந்துகொடுப்பதால் உண்மையில் இதைவிடக் குறைவாகத்தான் வரும். ஆனால் டிராக்கை இறுக்கி வைத்துவிட்டு, லூர் தண்ணீருக்கடியில் ஒரு பழைய மரக்கட்டையில் மாட்டிக்கொண்டால்? படகு முன்னால் போய்க்கொண்டே இருக்கும். லைன் அறுகிற வரைக்கும் இழுப்பு ஏறும். அதே கணக்கில் போல்ட்டில் 400 கிலோவைத் தாண்டிவிடும். அணை கட்டும்போது மூழ்கிய மரங்களும் பாறைகளும் நீர்த்தேக்கங்களின் அடியில் சாதாரணம். நீட்சியே இல்லாத பிரெய்ட் லைன் போட்டிருந்தால் அடி இன்னும் பலமாக விழும்.

இதிலிருந்து வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது: குழாயோ தொட்டிலோ, நீளமானதாகப் பாருங்கள். அடித்தட்டு அகலமானதாகப் பாருங்கள். விளம்பரப் படத்தில் பளபளப்பு தெரியும், அளவு தெரியாது. விவரப் பகுதியில் செ.மீ. அளவும் எடையும் கொடுக்காத பொருளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

எங்கே உடையும்?

பெரும்பாலும் குழாய் உடையாது. அடியில், சாய்வை மாற்றும் மூட்டில்தான் வழுக்கும் அல்லது உடையும். அங்கே வட்டமாகப் பல் பல்லாக இருக்கும், சீப்பு மாதிரி. ஒரு பக்கப் பல் மறுபக்கப் பல்லில் பூட்டிக்கொண்டு சாய்வைப் பிடித்துவைக்கும். பல் பெரிதாகவும் ஆழமாகவும் இருந்தால் நல்லது. நைசான பல் என்றால் நாலு தடவை இறுக்கித் தளர்த்தினாலே மழுங்கிவிடும். பல்லே இல்லாமல் வெறும் இறுக்கத்தை மட்டும் நம்பிய மூட்டு பெரிய மீனுக்கு உதவாது, விலை எவ்வளவாக இருந்தாலும்.

பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்று சொல்ல முடியாது. கண்ணாடி இழை கலந்த நைலான் நன்றாகவே தாங்கும். சாதாரண பிளாஸ்டிக்தான் நம் வெயிலில் கொஞ்ச நாளிலேயே வெளுத்து, மேலே மாவு மாதிரி உதிர ஆரம்பிக்கும். அப்படி வெளுத்த ஹோல்டரைத் தூக்கிப் போட்டுவிடலாம். உலோகத்தில் அலுமினியமும் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் நன்னீருக்குப் போதும். கடலுக்குச் சொல்லப்படும் 316 வகைக்காக அதிகம் கொடுக்கத் தேவையில்லை. 'ஸ்டெயின்லெஸ்' என்று விற்றதில் வீட்டுக் காந்தம் டப்பென்று பலமாக ஒட்டினால் சந்தேகப்படுங்கள். இலேசான ஈர்ப்பு மட்டும் என்றால் பரவாயில்லை.

எப்படிப் பொருத்துவது?

படகின் விளிம்பில் கவ்விக்கொள்ளும் கிளாம்ப் வகை வாடகைப் படகுக்கு வசதி. துளை போட வேண்டாம். ஆனால் வாளை மாதிரி பெரிய மீனுக்கு, பட்டையான விளிம்பில் இரண்டு திருகு உள்ள கிளாம்பாக இருந்தால்தான் சுழலாமல் நிற்கும். நடுவே ஒரு ரப்பர் துண்டு வைத்து இறுக்குங்கள்.

சொந்தப் படகு என்றால் போல்ட்தான். இதில் ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஸ்க்ரூ அடித்து நிறுத்தக் கூடாது. ஃபைபர் படகின் தகடு மெல்லியது. ஸ்க்ரூ மரைக்கு அங்கே பிடிப்பே கிடையாது, ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வரும். துளைத்து மறுபக்கம் வரை போல்ட் விட்டு, அடியில் ஹோல்டரின் அடித்தட்டைவிட அகலமான ஒரு அலுமினியத் தகடோ மரப்பலகையோ கொடுத்து, நைலான் வளையம் உள்ள லாக் நட் போட வேண்டும். துளையைச் சுற்றி சிலிகான் தடவுங்கள், தண்ணீர் இறங்காது. முதல் இரண்டு, மூன்று பயணத்துக்குப் பிறகு நட்டை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். என்ஜின் அதிர்வில் தளர்வது சகஜம்.

பரிசலில்? வேண்டாம். பரிசல் வட்டமானது. ஒரு பக்கம் இழுத்தால் சுழலும், அதிகம் இழுத்தால் சாயும். அதில் ஹோல்டரைப் பூட்டுவது மீனிடம் பரிசலைக் கட்டிக் கொடுக்கிற மாதிரி.

எடுக்க முடியுமா?

பலமாகப் பிடித்தால் மட்டும் போதாது, நேரத்துக்கு விடவும் வேண்டும். மீன் இழுத்துக்கொண்டிருக்கும்போது ராடை ஒரே கையால் வெளியே எடுக்க வருகிறதா என்பதைப் பெரும்பாலானவர்கள் வாங்கும்போது பார்ப்பதே இல்லை. ஆழமான மூடிய குழாயில் ராட் வளைந்து உட்கார்ந்துவிட்டால் இரண்டு கையாலும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில்தான் கால் வழுக்கும். மேலே திறந்த தொட்டில் வடிவத்தில் நுனிப்பக்கத்தைத் தூக்கினாலே ராட் வந்துவிடும். என் வாக்கு தொட்டிலுக்குத்தான். உங்கள் ரீல் ஸ்பின்னிங் வகையா, பெய்ட்காஸ்டர் வகையா என்பதையும் பாருங்கள். சில தொட்டில்களில் ஒன்றுதான் உட்காரும். ராடின் கைப்பிடித் தடிமனை அளந்துகொண்டு போங்கள்.

வாங்கியதும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். உறுதியான பெஞ்சிலோ பலகையிலோ ஹோல்டரைப் பொருத்தி ராடை வையுங்கள். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் லைனைக் கட்டி, டிராக் நழுவுகிற வரை மெல்ல இழுங்கள். தராசில் எத்தனை கிலோ காட்டுகிறது, மூட்டு நகர்கிறதா, அடித்தட்டு நெளிகிறதா என்று பாருங்கள். டிராக்கை அளந்து வைத்த மாதிரியும் ஆச்சு. இழுத்த நிலையிலேயே ஒரு கையால் ராடை எடுத்தும் பாருங்கள். எடுக்கும்போது யாரும் எதிரே நிற்க வேண்டாம்.

ராடில் இருந்து படகுக்கு ஒரு சிறு கயிறு கட்டிவிடுவது நல்ல பழக்கம். உங்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளாதீர்கள். உயிர்காப்பு உடை படகில் கிடந்தால் போதாது, உடலில் இருக்க வேண்டும். அணைப்பகுதிக்குக் கிளம்பும் முன் TN-Alert செயலியைத் திறந்து மழை எச்சரிக்கையையும் அணை நீர்மட்டத்தையும் பார்த்துவிடுங்கள். தமிழில் கேட்டால் 'டிஎன் அலர்ட்' என்றே தேடலாம். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

பொருள் மோசம் என்றால்

ஆன்லைனில் வாங்கினால் பெட்டி திறப்பதை வீடியோ எடுங்கள். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், எந்த நாட்டுப் பொருள், அதிகபட்ச விலை ஆகியவை விற்பனைப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். 'இத்தனை கிலோ தாங்கும்' என்று எழுதியிருந்தால் அந்த வரி கட்டாயம் படத்தில் இருக்கட்டும், பின்னால் அதை மாற்றிவிட வாய்ப்பு உண்டு. குறை இருந்தால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ன் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.