காற்றுத் துப்பாக்கிக்குத் தோள்வார் அமைத்தல்

நீலகிரி ஜில்லாவில் தேயிலையும் உருளைக்கிழங்கும் காரட்டும் பயிராகும் நிலங்கள் பெரும்பாலும் சரிவானவை. மழையும் மூடுபனியும் மிகுந்த மாதங்களில் அவற்றில் ஏறி இறங்குவோருக்கு இரு கைகளும் ஒழிவாயிருத்தல் அவசியம். கையில் துப்பாக்கியுடன் கால் வழுக்கினவர் தம்மை அறியாமலே அதனை ஊன்றுகோலாக்குவார். அப்போது கட்டை பிளக்கும்; குண்டு நிரம்பியிருந்தால் அருகிலிருப்போருக்கு ஆபத்து நேரும். ஆதலால் இலேசான காற்றுத் துப்பாக்கி வைத்திருப்போர் அதற்கு ஒரு தோல்வார் அமைத்துக்கொள்ளுதல் நலம். செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் உதவியுடன் இதை உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம்.

சட்ட நிலை

2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, குழலின் உட்துளை 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டின் சக்தி 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டுவதில்லை. இதனை வேட்டைக்கு அனுமதியென்று எவரும் கருதலாகாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாக்கப்பட்ட பிராணியைக் காயப்படுத்துவதும், அதற்கு முயல்வதுங்கூட வேட்டையென்றே கொள்ளப்படும். நீலகிரிக்கு இத்தகைய கட்டுப்பாடு புதிதன்று. இம்மலைக்கென்றே 1879-ல் வேட்டைப் பிராணிகளையும் மீன்களையும் காக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. குரங்கு, காட்டுப்பன்றி, காட்டெருமை ஆகியவற்றால் பயிர் சேதமானால் வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை. காற்றுத் துப்பாக்கி குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்கு உரியது.

தோலைத் தேர்ந்தெடுத்தல்

மரப்பட்டையால் பதனிட்ட மாட்டுத்தோல் அல்லது எருமைத்தோலே ஏற்றது. முற்காலத்தில் தமிழ்நாட்டுத் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டை பயன்பட்டது. பின்னர் சீகை மரப்பட்டையும் வழக்கத்திற்கு வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து கொணரப்பட்டு, இன்று நீலகிரிப் புல்வெளிகளில் களையாய்ப் பரவியிருக்கும் சீகையே அது. முதுகுப் பாகத்தில், முதுகெலும்பின் போக்கிலேயே வாரை அறுத்தல் வேண்டும். வயிற்றுப் பாகத்துத் தோல் நாளடைவில் இழுபட்டு நீளும். அகலம் 1 அங்குலமும் கனம் அங்குலத்தில் எட்டிலொரு பங்கும் போதுமானவை.

அளவெடுத்தல்

தோலை அறுக்குமுன் சணல் கயிற்றால் அளவெடுக்கவும். வெறுந் துப்பாக்கியின் குழலிலும் அடிக்கட்டையிலும் கயிற்றைக் கட்டித் தோளில் மாட்டி, அடிக்கட்டை இடுப்பளவில் நிற்கும்படி முடிச்சிடுக. மழைக்காலத்துக் கம்பளிச் சட்டையை அணிந்துகொண்டே அளவெடுத்தல் உத்தமம். அந்த நீளத்துடன் பக்கிளுக்காக 8 அங்குலம் கூட்டிக்கொள்க.

பொருத்தும் விதம்

குழலை மடித்து நிரப்பும் துப்பாக்கியே சாதாரணமாய்க் காணப்படுவது. இதில் குழலே நெம்புகோலாகவும் வேலை செய்கிறது. முன்கட்டையின் அடியிலுள்ள பிளவின் வழியே இழுகோல் இறங்குவதால், அவ்விடத்தில் தோலைச் சுற்றினால் துப்பாக்கி இயங்காது. ஆகவே இழுகோல் சேருமிடத்திற்கு முன்னால், குழலில் ஒரு தோற்பட்டையைப் பக்கிளால் இறுக்கிக் கட்டவும். தோலின் சொரசொரப்பான பக்கம் குழலை ஒட்டியிருந்தால் பட்டை நழுவாது. பட்டையில் ஒரு பித்தளை வளையம் இருக்கட்டும்.

அடிக்கட்டையில் துளையிட்டுத் திருகாணி முடுக்கினால் மெல்லிய மரம் பிளக்கக்கூடும். அதற்குப் பதிலாக ஓர் உறை தைத்தல் நலம். தோலை நீரில் நனைத்து, கட்டையின் மேல் இழுத்துச் சுற்றி, அடிவிளிம்பில் வாரால் கோத்து, நிழலில் உலரவிட்டால் உறை கட்டையின் வடிவத்தைப் பெற்று இறுகும். இதன் அடிப்புறத்தில் மற்றொரு வளையத்தை வைத்துத் தைக்கவும். மெழுகிட்ட நூலை இரண்டு ஊசிகளில் கோத்து, ஒரே துளையில் இருபுறமும் செலுத்தித் தைத்தால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் தையல் முழுதும் பிரியாது.

நீண்ட வாரின் இரு முனைகளிலும் பித்தளைக் கொக்கிகள் அமைக்கவேண்டும். வாரை நிலையாகத் தைத்துவிடாமல் கழற்றக்கூடியதாய் வைப்பதே இம்முறையின் சாரம். வார் மாட்டியிருக்கும்வரை துப்பாக்கி வெறுமையாயிருத்தல் வேண்டும். முன்கொக்கியைக் கழற்றிய பின்னரே குண்டு நிரப்புதல் வேண்டும். குடும்பத்திலுள்ள யாவரும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டால், நிரம்பிய துப்பாக்கி தோளில் தொங்குவதற்கே இடமிராது. மேலும், வார் குழலை இழுத்த நிலையில் சுட்டால் குறி தவறும். கழற்றிவிட்டால் அக்குறையும் நீங்கும்.

பாதுகாத்தல்

பட்டையால் பதனிட்ட தோல் ஈரமானால் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். மூடுபனியில் சென்று திரும்பியவுடன் குழற்பட்டையையும் கழற்றி, குழலைத் துடைத்து எண்ணெய் பூசவேண்டும். வாரை அடுப்பருகில் உலர்த்தினால் தோல் வெடிக்கும். காற்றோட்டமுள்ள நிழலே சரியான இடம். பூஞ்சணம் பிடித்தால் உலர்ந்த துணியால் துடைத்து, தேன்மெழுகும் ஆமணக்கெண்ணெயும் கலந்து இலேசாய்த் தடவுக. விரிசல் கண்ட வாரையும் நூல் தேய்ந்த தையலையும் மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடல் வேண்டும்.

துப்பாக்கியையும் குண்டுகளையும் தனித்தனியே பூட்டி வைத்தல் வேண்டும். சிறு ஈயக் குண்டாயினும் கண்ணைப் பறிக்க வல்லது. கிராம நிர்வாக அலுவலர்கள் தத்தம் கிராமத்தில் காற்றுத் துப்பாக்கி வைத்திருப்போருக்குச் சட்டத்தின் வரம்பையும், கொக்கியைக் கழற்றிய பிறகே குண்டு நிரப்பும் வழக்கத்தையும் எடுத்துரைப்பார்களாயின், பெரும் துன்பங்கள் தவிர்க்கப்படும்.